பழந்தானியமும் வடிசாலையும்

ஸ்கொட்லாந்தின் வடமுனைக்கு அப்பால், அத்திலாந்திக் சமுத்திரமும் வடகடலும் சந்திக்கும் இடத்தில், ஓர்க்னி என்னும் தீவுக்கூட்டம் கிடக்கிறது. காற்றின் கடுமையால் மரங்கள் அரிதாகவே வளரும் அத்தீவுகளில், பேர்சே என்னும் ஊரிலே, 1873ஆம் ஆண்டிற் கட்டப்பட்ட நீராலை ஒன்று இன்றும் இயங்கி வருகிறது. ஓடைநீர் பெருஞ் சக்கரத்தைத் தள்ள, சக்கரம் பற்சில்லுகளைச் சுழற்ற, பற்சில்லுகள் திரிகைக் கல்லைச் சுழற்ற, கல்லிடையே பழுப்பு நிற மா வந்து விழுகிறது. தானியத்தை உலர்த்தும் சூளைக்கு அத்தானியத்தின் உமியே எரிபொருள். அந்த மாவிலே தட்டையாகச் சுடப்படும் ரொட்டி, ஓர்க்னி மக்களின் காலை உணவில் இன்றும் இடம்பெறுகிறது.

அந்த ஆலை அரைக்கும் தானியம் வாற்கோதுமையிலே மிகப் பழைய ஒரு வகை. நம் கடைகளில் பார்லி என்ற பெயரில் விற்கப்படுவதும் வாற்கோதுமையே. ஆயினும் ஓர்க்னியின் தானியம் அதற்கு நெடுந்தூரத்து மூத்த உறவு. அதன் பெயர் விசித்திரமானது. 'பேர்' என்பதே அதன் பேர்! பண்டைய வடநாட்டு மொழிகளில் வாற்கோதுமை முழுவதற்கும் பொதுவாக வழங்கிய சொல் அது. மற்ற வாற்கோதுமைகள் எல்லாம் புதுப்புதுப் பெயர்களைச் சூட்டிக்கொண்டபின், பொதுப்பெயர் இந்த ஒன்றுக்கே உரிமையாகி நின்றுவிட்டது. வைக்கிங் மாலுமிகள் இதனைக் கொண்டுவந்தனர் என்போரும், அவர்களுக்கு முன்பே இது அங்கு விளைந்தது என்போரும் உளர். எவ்வாறாயினும், பிரித்தானியத் தீவுகளில் இடையறாது பயிரிடப்பட்டு வரும் தானியங்களுள் இதுவே மிகப் பழையதாக இருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து.

பேரின் இயல்பை அறியவேண்டுமானால் அது வளரும் நிலத்தை அறியவேண்டும். வட அகலக்கோடு 59 பாகையில் அமைந்துள்ள ஓர்க்னியிலே கோடைகாலம் குறுகியது. ஆனால் கோடைப் பகலோ நீண்டது. யூன் மாதத்தில் சூரியன் ஏறத்தாழ 18 மணிநேரம் வானில் நிற்கும். மண் புளிப்புடையது, ஊட்டம் குறைந்தது. இத்தகைய மண்ணிலே, மற்ற வாற்கோதுமைகளுக்குப் பின்னர் விதைக்கப்பட்டு, அவற்றுக்கு முன்னரே கதிர் முற்றி அறுவடைக்கு ஆயத்தமாகும் வேகம் பேருக்கு உண்டு. இதனாலேயே அத்தீவினர் இதனைத் 'தொண்ணூறு நாள் வாற்கோதுமை' என்று செல்லமாக அழைப்பர். ஸ்கொட்லாந்தின் மேற்குத் தீவுகளில் சிப்பித்தூள் கலந்த மணல்நிலங்கள் உண்டு. மங்கனீசு என்னும் சத்து பயிருக்கு எட்டாத அந்த நிலங்களில் புதிய வகைகள் வெளிறி நலியும். பேரோ அங்கும் தாக்குப்பிடிக்கிறது. ஆயிரம் ஆண்டுகளாக அந்த மண்ணும் அந்தக் காற்றும் பழக்கிய பயிர் அது.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வது நன்று. பேர் ஒரு நாட்டு வகை. அதாவது, ஓர் ஆராய்ச்சியாளர் திட்டமிட்டு உருவாக்கியதன்று. தலைமுறை தலைமுறையாக உழவர் தம் விளைச்சலிலிருந்தே விதையெடுத்து விதைத்ததனால் தானாக அமைந்தது. அவ்வயலில் ஒரு செடியைப் போல மறுசெடி இராது. சில உயரமாக நிற்கும், சில சற்று முந்தி முற்றும், சில நோயைத் தாங்கும். ஒரு பருவம் சிலவற்றைக் கெடுத்தாலும் மற்றவை பிழைக்கும். தெரிந்தெடுத்த வகையோ வேறு. அதில் எல்லாச் செடிகளும் ஒரே அச்சில் வார்த்தவை. ஆலைக்கு அது வசதி. காலநிலை மாறும்போதோ அதுவே ஆபத்தாகவும் முடியலாம்.

இவ்வளவு சிறப்புடைய தானியம் பின்வாங்கியது ஏன்? காரணம் ஒன்றே ஒன்று: விளைச்சல். 1820களின் அளவிலே இங்கிலாந்தின் சபொக் மாவட்டத்தில் ஷெவாலியர் என்னும் பாதிரியார் சில சிறந்த கதிர்களைத் தெரிந்தெடுத்து வளர்த்தார். அவர் பெயரையே தாங்கிய அந்த வாற்கோதுமை அந்நூற்றாண்டு முழுவதும் உலகெங்கும் பரவியது. அதன் பின்னர் விஞ்ஞானிகள் வந்தனர். இங்கிலாந்தில் பீவன் என்பவர் 1905இல் இரு வகைகளைக் கலந்து 'புளூமேஜ் ஆர்ச்சர்' என்னும் வகையை உருவாக்கினார். அயர்லாந்தில், விவசாயத் திணைக்களமும் டப்ளின் நகரின் கின்னஸ் மதுக் காய்ச்சும் நிறுவனமும் கூடிச் செய்த சோதனைகளின் பயனாக, ஹேர்பேட் ஹண்டர் என்பார் 'ஸ்பிராட் ஆர்ச்சர்' என்னும் வகையைத் தந்தார். அக்காலத்தில் கின்னஸில் பணியாற்றிய வில்லியம் கொசெற், சில வயற்றுண்டுகளின் விளைச்சலை மாத்திரம் வைத்துக்கொண்டு எந்த வகை சிறந்தது என்று நம்பகமாகத் தீர்மானிப்பது எப்படி என்ற வினாவோடு போராடினார். 'மாணவன்' என்ற புனைபெயரில் 1908இல் அவர் வெளியிட்ட கட்டுரையே புள்ளிவிபரவியல் மாணவர் யாவரும் இன்று கற்கும் சோதனை முறைக்கு மூலமாயிற்று. இன்றைய விஞ்ஞானத்தின் ஓர் அடிப்படைக் கருவி கூர்மை பெற்றதற்கு வாற்கோதுமை வயலும் ஒரு காரணம் என்பதைப் பலரும் அறியார்.

இரண்டாம் உலக யுத்தத்தின் பின் வேகம் இன்னும் மிகுந்தது. ஒரு வகையின் விதைகளின்மேற் காமாக் கதிர்களைச் செலுத்தி அதன் இயல்பை மாற்றிப் பெறப்பட்ட 'கோல்டன் பிரொமிஸ்' என்னும் வாற்கோதுமை 1960களில் வந்தது. அதன் தாள் குட்டையானது, விறைப்பானது. ஆகவே இரசாயனப் பசளையைத் தாராளமாக இட்டாலும் அது சாயாது. ஸ்கொட்லாந்தின் வயல்களை அது வெகுவிரைவிலே கைப்பற்றியது. அதனிலும் மேலான விளைச்சல் தரும் வகைகள் பின்னர் வந்து அதனையும் ஒதுக்கின. இவ்வாறு ஒன்றை ஒன்று தள்ளிய ஓட்டத்திலே பேர் என்னும் முதியவர், ஓர்க்னியின் சில வயல்களிலும், ஷெட்லாந்து, கேத்னெஸ், மேற்குத் தீவுகள் ஆகியவற்றின் சில மூலைகளிலும் ஒதுங்கிக்கொண்டார். ஓர்க்னியில் அவர் உயிரோடு இருந்ததற்குக் காரணம், பேர்சேயின் நீராலை அவரைக் கைவிடாமையே.

'உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது' என்பது நம் பழமொழி. கணக்குப் பார்க்கும் உழவன் பேரை விதைக்கமாட்டான். புதிய வகை தரும் விளைச்சலில் ஏறக்குறைய பாதியையே அது தரும். உயரமான தாள் மழையிலும் காற்றிலும் சாயும். மணிகளும் சிறியவை. பழமையின்மேற் கொண்ட பற்று மாத்திரம் ஒருவனுடைய கடனை அடைக்காது. அப்படியிருக்க, இருபத்தோராம் நூற்றாண்டிலே அந்த வயல்கள் மீண்டும் விரியத் தொடங்கின என்றால், இழக்கும் பாதி விளைச்சலுக்கு யாரோ ஒருவர் விலை கொடுக்க முன்வந்தார் என்பதே பொருள். அவ்வாறு முன்வந்தவர்களுள் முக்கியமானவர் வடிசாலைக்காரர்.

மது நன்றா தீதா என்பது வேறு விவாதம். அதற்கு இங்கு இடமில்லை. மனிதன் தானியத்தை உண்பதற்கு மாத்திரமன்றி வடிப்பதற்கும் விளைத்திருக்கிறான் என்பது வரலாறு. பேரும் அவ்வரலாற்றுக்கு உட்பட்டதே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, ஸ்கொட்லாந்தின் வடிசாலைகளில் இது பெருமளவு வழங்கியது. பேரிலிருந்து கிடைக்கும் மதுசாரம் குறைவு என்பதனால் அதன் முளைத்தானியத்துக்கு வரியும் குறைவாயிருத்தல் வேண்டும் என்ற வழக்கு எழுந்தது. அதனை ஆராயும் பணி எடின்பரோவின் அறிஞர் மூவரிடம் ஒப்படைக்கப்பட, அவர்கள் 1806இல் தம் அறிக்கையை அளித்தனர். ஆகவே வடிசாலை பேரை நாடியமை புதுமையன்று. பழைய உறவு மீண்டும் துளிர்த்தமையே.

விஸ்கி உண்டாகும் முறையைச் சுருக்கமாகக் கூறலாம். வாற்கோதுமையை நீரில் ஊறவைத்து முளைகட்டுவர். முளைவிடும் மணி, தன்னுள் உறங்கும் மாப்பொருளைச் சர்க்கரையாக்கும் நொதியங்களை உண்டாக்கும். உரிய சமயத்தில் சூளையிலிட்டு உலர்த்தி முளைப்பை நிறுத்துவர். பின்னர் அதனைக் குறுநொய்யாக அரைத்துச் சுடுநீரிற் கரைத்தால் இனிப்பான சாறு கிடைக்கும். மதுவம் சேர்க்க அது நொதிக்கும். நொதித்த நீரைச் செப்பு வாலையிலிட்டுக் காய்ச்சி வடித்தால் மதுசாரம் இறங்கும். அதனை மரப் பீப்பாயில் அடைத்துக் குறைந்தது 3 ஆண்டுகள் வைத்திருத்தல் வேண்டும் என்பது ஸ்கொட்லாந்திலும் அயர்லாந்திலும் சட்டம்.

இந்தத் தொழிலில் வடிப்பவன் விரும்புவது மாப்பொருள். விரும்பாதது மிகுந்த புரதம். வயலில் நைதரசன் பசளையை அதிகம் இட்டால் விளைச்சல் உயரும். ஆனால் மணியிற் புரதமும் உயரும். புரதம் உயர்ந்த அளவுக்கு மாப்பொருள் குறையும், மதுசாரமும் குறையும். ஆகவே வடிசாலைக்கென விளைக்கும் உழவன், மற்றைய தானியங்களுக்கு இடுவதுபோற் பசளையை அள்ளி இறைக்க இயலாது. சேதன முறையில் விளைப்பவனுக்கு இது ஓரளவு சாதகமான நியாயம்.

பழந்தானியத்துக்கும் சேதன முறைக்கும் இன்னொரு பொருத்தமும் உண்டு. இரசாயனப் பசளைக்கு முந்திய காலத்தில் வளர்ந்த தாவரம், குறைந்த ஊட்டத்தில் வாழப் பழகியது. அதற்கு நைதரசனை மிகுதியாக ஊட்டினால், உயரமான தாள் மேலும் நீண்டு, கதிரின் பாரம் தாங்காமல் நிலத்திற் படுத்துவிடும். குட்டைத் தாள் வகைகள் பசளைக்காகவே பிறந்தவை. நெட்டைத் தாள் வகைகளோ பசளையால் விழுபவை. அந்த உயரமே சேதன வயலில் ஒரு பலமாகவும் அமைகிறது. விரைந்து உயர்ந்து நிழல் பரப்புவதனால் களைகள் கீழே அடங்குகின்றன. களைகொல்லி தெளிக்காத உழவனுக்கு இந்த நிழலே கூலியில்லாக் களையெடுப்பு. அறுவடைக்குப் பின் எஞ்சும் நீண்ட வைக்கோல் மாட்டுக்குப் படுக்கையும் தீனியுமாகிறது. மாட்டின் எருவோ வயலுக்குத் திரும்புகிறது.

மண்ணுக்கு ஊட்டம் எங்கிருந்து வரும்? மேற்குத் தீவுகளின் உழவர் நெடுங்காலமாகக் கையாண்டு வரும் முறை கவனிக்கத்தக்கது. குளிர்காலப் புயல்கள் கரையில் ஒதுக்கும் கடற்சாதாழையைக் குவித்து மக்கவைத்து, மணல்வயலில் இட்டுப் பரப்புவர். பேரையும், சிறுமணி ஓட்சையும், றை என்னும் தானியத்தையும் ஒன்றாகக் கலந்து விதைப்பர். இரண்டொரு ஆண்டுகள் பயிர் செய்தபின் நிலத்தை ஆறவிடுவர். ஏனைய இடங்களிலே குளோவர் முதலான அவரையினத் தாவரங்களைப் புல்லோடு சேர்த்து வளர்த்து, அவை காற்றிலிருந்து மண்ணிற் சேர்க்கும் நைதரசனை அடுத்துவரும் வாற்கோதுமைக்கு விட்டுவைப்பர். பயிர்ச்சுழற்சி என்பது சேதன உழவனின் பசளைச் சாலை. அதுவே அவனுடைய மருந்துச் சாலையும் ஆகும்.

ஆயினும் இம்முறையை இலகுவானது என்று எண்ணிவிடலாகாது. ஐரோப்பிய விதிகளின்படி, ஒரு நிலத்தில் இரசாயனங்களை நிறுத்தி 2 ஆண்டுகள் கழிந்த பின்னரே, அங்கு விதைக்கப்படும் தானியம் சேதன விளைபொருள் என்ற சான்றிதழுக்கு உரியதாகும். அந்த 2 ஆண்டுகளிலும் விளைச்சல் குறையும், விலையோ உயராது. ஈரமான கோடையிலே பங்கசு கதிரைத் தாக்கினால் தெளிப்பதற்கு மருந்தில்லை. முளைக்காத வாற்கோதுமை முளைத்தானியக்காரருக்கு வேண்டாத பொருள். ஈரத்தோடு களஞ்சியத்தில் வைத்தால் முளைக்கும் ஆற்றல் கெடும். ஆதலால் அறுத்த உடனே உலர்த்தவேண்டும். வயலில் ஓராண்டு பட்ட பாடு, களஞ்சியத்தில் ஒரு வாரத்துக் கவனக்குறைவால் வீணாகலாம்.

ஓர்க்னியிலே பேரின் மறுவாழ்வு 2002ஆம் ஆண்டளவில் தொடங்கிற்று. அவ்வாண்டில் ஓர்க்னிக் கல்லூரியில் ஏற்படுத்தப்பட்ட வேளாண் ஆய்வகம் பேரைத் தன் ஆராய்ச்சிப் பொருள்களுள் ஒன்றாக எடுத்துக்கொண்டது. எந்த நாளில் விதைத்தால் நன்று, எவ்வளவு ஊட்டம் போதும், எப்போது அறுக்கவேண்டும் என்பனவற்றை வயலிலே சோதித்ததோடு, அதனை வாங்குவோரையும் தேடிற்று. விதையைக் காப்பாற்ற விரும்புவோர் பலர் முதலாவதைச் செய்வர், இரண்டாவதை மறந்துவிடுவர். 2004இல் அரன் தீவின் வடிசாலை ஓர்க்னிப் பேரை வடித்தது. அடுத்து ஐலாத் தீவின் புருக்லாடி வடிசாலை வந்தது. 1881இல் நிறுவப்பட்டு, 1994இல் மூடப்பட்டு, 2001இல் மீண்டும் திறக்கப்பட்ட அந்த வடிசாலை, ஓர்க்னிப் பண்ணைகள் சிலவற்றிலிருந்து ஆண்டுதோறும் பேரை வாங்கத் தொடங்கியது. விளைச்சல் பாதி என்பதை ஏற்று, அதற்கேற்ற விலையை ஒப்புக்கொண்டது. சேதன முறையில் விளைந்த வாற்கோதுமையைத் தனியாக வடிப்பதிலும் புருக்லாடி முன்னின்றது.

இதில் வாங்குவோருக்கு என்ன பயன்? சுவை என்பது அவர்கள் விடை. விஸ்கியின் சுவையை ஆக்குவன பீப்பாயும் வாலையுமே; தானியம் மதுசாரம் தரும் வெறும் கருவி; ஆகவே எந்த வாற்கோதுமை மலிவானதோ அதுவே நல்லது என்று அத்தொழிலிற் பலர் நெடுங்காலம் கருதி வந்தனர். இக்கருத்தைச் சோதிக்கும் ஆராய்ச்சி ஒன்று அயர்லாந்தில் நடந்தது. இரு வாற்கோதுமை வகைகளை, அதாய், பன்குளோடி என்னும் ஈரூர்களில், 2017, 2018 ஆகிய இரு பருவங்களில் விளைத்து, ஒரே முறையில் முளைகட்டி, ஆய்வுகூடத்தில் ஒரே முறையில் வடித்துப் பார்த்தனர். முடிவு 2021இல் வெளியாயிற்று. மணமும் சுவையும் தரும் 40க்கு மேற்பட்ட சேர்வைகளை ஆராய்ந்தபோது, அவற்றுட் பாதியளவில் விளைந்த இடத்தின் தாக்கம் காணப்பட்டது. ஆனால் அளவுக்கு மீறி இதிலிருந்து முடிவு கட்டலாகாது. சோதிக்கப்பட்டவை புதிய வகைகள்; பழந்தானியங்கள் அல்ல. வடிக்கப்பட்டது பீப்பாய் காணாத புதுச் சாரம். பல ஆண்டுகள் மரத்தில் உறங்கிய பின்னரும் அவ்வேறுபாடு நாவுக்கு எவ்வளவு எட்டும் என்பது தனி வினா. எனினும், மண் பேசுகிறது என்ற கூற்று வெறும் வியாபாரப் பேச்சன்று என்பதற்கு இது ஓர் ஆதாரம்.

அந்த ஆராய்ச்சிக்குத் துணைநின்றது வோட்டர்போர்ட் என்னும் அயர்லாந்துத் துறைமுக நகரின் வடிசாலை. புருக்லாடியை மீண்டும் திறந்தவர்களுள் ஒருவரான மார்க் றெனியே, அதனை ஒரு பிரெஞ்சு நிறுவனம் 2012இல் வாங்கியபின், அயர்லாந்துக்குச் சென்றார். வோட்டர்போர்ட்டில் மூடிக்கிடந்த பழைய பியர் ஆலையை 2014இல் வாங்கி, 2015 டிசெம்பரில் வடிக்கத் தொடங்கினார். அவர் வகுத்த முறை துணிச்சலானது. ஒவ்வொரு பண்ணையின் வாற்கோதுமையையும் வேறொன்றோடு கலவாமல் தனியே சேமித்து, தனியே முளைகட்டி, தனியே வடித்து, தனியே பீப்பாயில் அடைத்தார். சேதனப் பண்ணைகளின் தானியத்தை மாத்திரம் கொண்டு வடித்த விஸ்கி 2020இல் வெளிவந்தது.

பழந்தானியத்தையும் அவ்வடிசாலை விட்டுவைக்கவில்லை. மேலே கூறிய ஹண்டரின் பெயரைத் தாங்கி 1959இல் வெளிவந்து, பின்னர் வயல்களிலிருந்து மறைந்துபோன ஒரு வாற்கோதுமையை அது உயிர்ப்பித்தது. விதைக் களஞ்சியத்தில் அத்தகைய வகைகள் சிறு பொட்டலங்களாகவே இருக்கும். ஒரு பொட்டலத்தை ஒரு வயலாக்குவது எப்படி? ஒரு கைக்கணக்குப் பார்க்கலாம். கையில் 50 கிராம் விதை இருப்பதாகவும், ஒவ்வொரு பருவத்திலும் அது 20 மடங்காகப் பெருகுவதாகவும் கொள்வோம். முதலாம் ஆண்டில் 1 கிலோகிராம். இரண்டாம் ஆண்டில் 20. மூன்றாம் ஆண்டில் 400. நான்காம் ஆண்டில் 8,000 கிலோகிராம், அதாவது 8 தொன். நான்கு ஆண்டுகள் மழையும் பறவையும் பங்கசும் கருணை காட்டினாலும், கிடைப்பது 8 தொன்னே. பெரிய முளைத்தானியச் சாலையின் ஒரு தொட்டிக்குக்கூட அது போதாது. இத்தனை ஆண்டுகளும் விற்பனைக்கு ஒரு மணியும் இல்லை. அதன் பின்னர் வடித்து 3 ஆண்டுகளேனும் பீப்பாயில் வைக்கவேண்டும். விதைத்த காசு திரும்பி வர ஏழெட்டு ஆண்டுகள் செல்லும். பொறுமையையும் கடனையும் ஒருங்கே வேண்டி நிற்கும் தொழில் இது.

பொறுமை இருந்தது, கடன் முந்திக்கொண்டது. 2024ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வோட்டர்போர்ட் வடிசாலை, கடன்கொடுத்த வங்கியின் சார்பில் நியமிக்கப்பட்ட பொறுப்பாளரின் கைக்குச் சென்றது. உலகெங்கும் விஸ்கியின் விற்பனை தளர்ந்திருந்த காலம் அது. களஞ்சியத்தில் பீப்பாய்கள் நிறைந்திருந்தன, கையிலோ பணம் இல்லை. வடிசாலையை நம்பிச் சேதன முறைக்கு மாறிய உழவர் உளர். அதன் பொருட்டே பழைய விதையைப் பெருக்கியவரும் உளர். சாதாரண வாற்கோதுமையை எவரும் வாங்குவர். சிறுமணியும் குறைந்த விளைச்சலும் உடைய பழந்தானியத்தை, அதற்குரிய விலை கொடுத்து வாங்குவோர் யார்? ஒரு வாசல் அடைபட்டால் மறுவாசல் இல்லாத வீடு போலாயிற்று அந்தப் பயிரின் நிலை.

இந்நிகழ்ச்சியைக் கொண்டு, பழந்தானியம் என்பது பகற்கனவு என்று முடிவு கூறுவோர் உளர். அது அவசர முடிவு. வோட்டர்போர்ட்டையும் ஓர்க்னியையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது வேறொரு பாடம் தெரிகிறது. ஓர்க்னியின் பேர் ஒருபோதும் வடிசாலையை மாத்திரம் நம்பி வாழவில்லை. வடிசாலைகள் அதனை மறந்திருந்த நெடுங்காலமும் நீராலை அதனை அரைத்தது. வீட்டுப் பெண்கள் அதனை ரொட்டியாகச் சுட்டனர். மாடுகள் வைக்கோலைத் தின்றன. வடிசாலை பின்னர் வந்து அதற்குக் கூடுதல் விலை கொடுத்தது. அதனால் வயல் விரிந்தது. நாளை வடிசாலை விலகினாலும் வயல் சுருங்குமேயன்றி மறையாது. நாற்காலுள்ள கட்டிலில் ஒரு கால் ஆடினாலும் படுத்திருப்பவன் உடனே விழுந்துவிடுவதில்லை. ஒற்றைக்காலில் நிறுத்திய கட்டிலோ அந்தக் கால் ஆடியதும் சரிந்துவிடும்.

விதைக் களஞ்சியங்களின் பணியும் இங்கே மதிக்கப்படவேண்டியதே. குளிரறையில் பொட்டலங்களைக் காத்தவர்கள் இல்லையேல், மறைந்துபோன வகைகளை எவராலும் மீட்க முடிந்திராது. ஷெவாலியர் பாதிரியாரின் வாற்கோதுமையும் இங்கிலாந்தின் ஜோன் இன்னஸ் ஆராய்ச்சி நிலையத்தாரின் முயற்சியால், காத்துவைக்கப்பட்டிருந்த சிறிதளவு விதையிலிருந்தே அண்மைக் காலத்தில் மீண்டும் வயலுக்கு வந்தது. ஆனால் குளிரறை விதையைக் காக்குமேயன்றி வளர்க்காது. மாறும் மழையையும் மாறும் நோயையும் ஆண்டுக்காண்டு கண்டு பழகும் விதையே காலத்தோடு நடக்கும். அதற்கு விதை உழவன் கையில் இருக்கவேண்டும். உழவன் கையில் இருக்கவேண்டுமானால், விளைந்ததை வாங்குவோர் ஒருவரல்லர், பலர் இருக்கவேண்டும்.

வடிசாலை செய்யக்கூடிய பெரிய உதவி ஒன்று உண்டு. அடுப்பங்கரையில் ஒரு இறாத்தல் மாவுக்கு ஒருவர் கொடுக்கும் விலைக்கும், ஒரு போத்தல் விஸ்கிக்கு அவரே கொடுக்கும் விலைக்கும் இடையே பெருந்தூரம் உள்ளது. அந்தத் தூரத்திலே உழவனின் பாதி விளைச்சல் நட்டத்தை ஈடுசெய்ய இடமிருக்கிறது. அவ்வுதவியைப் பெறும் உழவன், வடிசாலை வாங்கும் ஆண்டுகளிலேயே ஆலைக்கும், அடுக்களைக்கும், மாட்டுத் தொழுவத்துக்கும் ஒரு பங்கை ஒதுக்கி வைப்பானாயின், விதை தப்பும். எல்லாவற்றையும் பீப்பாய்க்கே ஒப்படைப்பானாயின், பீப்பாயோடு விதையும் கடனில் அமிழும்.

பேர்சேயின் நீராலை பல தலைமுறை மனிதரைக் கண்டுவிட்டது. அதனை இப்போது அவ்வூர் மரபுரிமை அறக்கட்டளை ஒன்று நடத்தி வருகிறது. ஆண்டுதோறும் அறுவடையின் பின் சூளை மூட்டப்படுகிறது, உமிப்புகை எழுகிறது, கல் சுழல்கிறது. அந்த ஆலைக்கு வரும் தானியமும், கடல் கடந்து ஐலாவின் செப்பு வாலைக்குச் செல்லும் தானியமும் ஒரே தீவுக்கூட்டத்தின் வயல்களில் விளைந்தவை. இவ்விரண்டுக்கும் அனுப்பியபின், அடுத்த வசந்தத்தில் விதைப்பதற்கென்று ஓர்க்னி உழவன் ஒரு பங்கை எடுத்து வைக்கிறான். பழந்தானியத்தின் உயிர், ரொட்டியிலும் இல்லை, போத்தலிலும் இல்லை. எடுத்துவைக்கப்படும் அந்தப் பங்கிலேதான் இருக்கிறது.